ஒளி ஐயாவின் ஒரு கரண்டி

ஒளி ஐயா வீட்டு மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. மனச்சோர்வா? உடம்புக்குள் இருள் புகுந்துவிட்டதாம். ஐயா தரும் ஒளித்தூளை ஒரு கரண்டி விழுங்கினால், அது மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிடுமாம். கரண்ட் போனால் மட்டும் ஐயா வீட்டிலும் மெழுகுவத்திதான்!

கூட்டத்தில் தையற்காரி ஒருத்தி தங்கையைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். தங்கை பள்ளி ஆசிரியை. மாதக்கணக்கில் குளிக்கவும் மனமின்றிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், ஆஸ்பத்திரி மாத்திரையில் இப்போதுதான் எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தாள். அக்காவுக்கு அந்த வேகம் போதவில்லை.

"ஐயா, டாக்டர் மாத்திரையும் சாப்பிடுறாளே?"

"தாராளமா சாப்பிடட்டும்மா. ரெண்டு பக்கமும் தள்ளினாத்தானே இருட்டு வெளிய போகும்? டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாத. பொறாமைப்படுவாரு."

தூளை விழுங்கிய மறுநாளே தங்கைக்குக் கைகால் உதறியது. வியர்வை கொட்டியது. உடம்பு கொதித்தது. அக்கா பதறிப்போய் ஐயாவுக்குப் போன் போட்டாள்.

"இருட்டு கிளம்புதும்மா! இன்னொரு கரண்டி குடு!"

கரண்டியை வாயருகே கொண்டுபோனவள், தங்கையின் கண்மணிகள் நிலைகொள்ளாமல் துள்ளுவதைப் பார்த்தாள். கரண்டியை வீசிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். அக்கா கொண்டுவந்து கொடுத்த தூளைச் சோதித்துப் பார்த்த டாக்டர் கொதித்தார். "ஒளியுமில்ல, மண்ணுமில்ல. மனச்சோர்வு மாத்திரையையே இடிச்சுப் போட்டிருக்கான். நாங்க குடுக்கிறதுக்கு மேல இதையும் ஏத்தினா உயிரே போயிடும்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அக்கா நேரே மாடிப்படிக்குப் போனாள், மிச்சத் தூளோடு.

"ஐயா, இது வெறும் ஒளிதானே?"

"சுத்தமான ஒளி!"

"அப்போ எல்லார் முன்னாலயும் நீங்க ஒரு கரண்டி சாப்பிடுங்க."

கூட்டம் கழுத்தை நீட்டியது. ஐயா நெளிந்தார். "எனக்கெதுக்கும்மா? என் உடம்புல இருட்டே இல்லையே!"

"ஒளி கொஞ்சம் கூடினா கெட்டா போயிடும்?"

அவள் கரண்டியை நீட்டிக்கொண்டே நெருங்க, ஐயா அலறினார். "வேணாம்மா! நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன். அதோட கண்டதையும் சேர்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு!"

ஐயா வாயிலிருந்து வந்த முதல் உண்மை.

"அவன் உடம்புக்கு டாக்டரைக் கேக்கிறான்," என்று அக்கா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "நம்ம வீட்டுப் பிள்ளைங்க உடம்பு மட்டும் என்ன, கரண்டி விட்டுக் கிண்டுற சட்டியா?"

போலீஸ் வந்து ஐயாவை இறக்கிக்கொண்டு போனது. அப்போதும் ஒருவர், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று சிந்திய தூளை வழித்துக்கொண்டிருந்தார்.

மருந்தோடு எதைச் சேர்க்கலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். நம்பிக்கையோடு மூளையைச் சேர்க்க யாரையும் கேட்க வேண்டாம்.