தாமதமாக வந்த சாட்சி

விளைவுகளை எடைபோட்டுப் பார்க்காமல் நான் எதையும் செய்ததில்லை. என் வாழ்க்கையின் பெரிய விபத்துகள் எல்லாம் அப்படி எடைபோட்ட பிறகே நேர்ந்தவை.

சமூகப்பணியில் முதுகலை முடித்து, ஓவேலியில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்குத் திரும்பியிருந்த மழைக்காலம். தோட்டத் தொழிலாளர்களைப் புகையிலைப் பழக்கத்திலிருந்து மீட்கும் தொண்டு நிறுவனம் ஒன்று, களப்பணியாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு என்னை ஊட்டிக்கு அழைத்திருந்தது. எங்கள் லைனில் புகையிலை மெல்லாத வாய்களை எண்ண ஒரு கை போதும். அந்த வேலை எனக்காகவே உருவானது என்று நம்பினேன்.

சிக்கல், பேருந்து நிற்கும் இடம் வரையிலான தேயிலைக்காட்டுக் குறுக்குப்பாதை. மழையில் அங்கே அட்டைகள் ஆளுக்காகக் காத்திருக்கும். தேர்வறையில் என் வெள்ளைக் காலுறையில் இரத்தம் கசிந்தால்? கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவிடம் தீர்வு இருந்தது.

"போயலைய ஊற வச்சுக் கால்ல தேய்ச்சுக்க கண்ணு. ஒரு அட்ட கிட்ட வராது."

அம்மா பாதத்துக்கு மட்டும் தேய்ப்பார். நான் பட்டதாரி, புகையிலைச் சாற்றை முழங்கால் வரை இருமுறை பூசினேன்.

என் கால்களை அட்டை நெருங்கவில்லை. மனிதர்களும் நெருங்கவில்லை. ஜன்னல்களை மூடிய பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்தவர், நடுவட்டம் நிறுத்தத்தில் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். (என் கோட்டின் கம்பீரம் என்று நினைத்தேன். அந்த வாடையிலேயே வளர்ந்த மூக்குக்கு அது வாடையாகவே தெரியாது.) ஊட்டி வரை மூவர் இருக்கையில் நான் ஒருவனே.

தேர்வறையில் குளிருக்காக என் கால்மாட்டில் ஹீட்டர் வைத்திருந்தார்கள். எதிரே இயக்குநர் அம்மையாரும், சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த மருத்துவரும். என் கால்கள் சூடேறச் சூடேற மருத்துவர் கைக்குட்டையை எடுத்தார்.

"எத்தனை வருஷமா போடறீங்க தம்பி?"

"நான் புகையிலையத் தொட்டதே இல்ல சார்." மனச்சாட்சி உறுத்தவே உடனே திருத்தினேன். "அதாவது, இன்னிக்குக் காலையில மட்டும். கால்ல."

"கால்லயா?" என்றார் அம்மையார்.

"அட்டைக்கு, மேடம்."

மருத்துவர் கனிவாகத் தலையசைத்தார். "பல்வலிக்குன்னு சொல்வாங்க, குளிருக்குன்னு சொல்வாங்க. அட்டைக்குன்னு இப்பதான் கேக்கறேன்."

நிரூபிப்பதே நேர்மை என்று முடிவுசெய்து, அங்கேயே காலணியையும் காலுறையையும் கழற்றினேன். பழுப்பேறிய கால்கள் வெளியே வந்தன. வாடை இன்னும் தாராளமாக வந்தது. ஒரே ஓர் அட்டை ஒட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் அட்டைக்காக ஏங்கினேன்.

"சொல்லி அனுப்பறோம் தம்பி," என்ற அம்மையார் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

பேருந்து நிலையக் கூட்டத்தில் கைபேசியை வைத்துக்கொண்டு நின்றேன். யாரை அழைப்பது? அம்மா சிக்னல் எட்டாத சரிவில். நண்பர்கள் அவரவர் அலுவலகங்களில். டையைத் தளர்த்தினேன். காலருக்குள்ளிருந்து, வயிறு நிறைய இரத்தம் குடித்த அட்டை ஒன்று உருண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. இடுப்புயரத் தேயிலைச் செடியிலிருந்து கோட்டின்மேல் ஏறியிருக்க வேண்டும். கழுத்துக்கு நான் புகையிலை பூசவில்லை. அன்று முழுவதும் என்னை விட்டு விலகாமல் இருந்த ஒரே உயிர் அதுதான்.

அதைப் பயணச்சீட்டில் பொதிந்துகொண்டு திரும்பி ஓடினேன். வாசலில் காவலாளி மறித்தார்.

"ஏனுங்க, மறுக்காவா?"

"சாட்சி கொண்டாந்திருக்கேன்ணா." விரித்துக் காட்டினேன்.

அவர் குனிந்து நிதானமாகப் பார்த்தார். "அட்டைதானுங்க, சந்தேகமே இல்ல. ஆனா உள்ள யாருமில்லீங்களே. எல்லாரும் குன்னூருக்குக் கெளம்பிட்டாங்க."

அந்த வேலை கிடைக்கவில்லை. இப்போது மஞ்சூரில் வேறொரு நிறுவனத்தில் பணி. வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். ஞாயிறுதோறும் அம்மா அழைப்பார். நடந்ததை வீட்டில் சொன்ன நாளிலிருந்து முதல் கேள்வி மாறுவதேயில்லை.

"சாட்சி யாராச்சும் கூட இருக்கா கண்ணு, இல்ல தனியாத்தானா?"

பின்னால் லைனே சிரிப்பது கேட்கும். நானும் சிரிப்பேன். மழைக்காலத்தில் மட்டும், பதில் சொல்வதற்கு முன் காலரை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வேன்.