பதச்சாமியின் நுரைப் பஞ்சாங்கம்

வீடு வீடாகப் போய் அழுக்குத் துணியைப் பிச்சை கேட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரை எனக்குத் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மட்டாஞ்சேரியில் அவரைப் பதச்சாமி என்பார்கள். ‘பத’ என்றால் மலையாளத்தில் நுரை. சாமி என்பது பட்டர்கள் எனப்படும் தமிழ்ப் பிராமணர்கள் எல்லோருக்கும் அந்த ஊர் கொடுத்து வைத்திருந்த பொதுப்பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அது தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவரும் அந்த வாசலில் சைக்கிளை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியிலிருந்து கிளம்பி, மட்டாஞ்சேரி மிளகு மண்டி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். சாமியின் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். தெருவில் கொங்கணி, குஜராத்தி, கச்சி, மலையாளம் என்று எல்லா பாஷையும் கேட்கும். எனக்கு அவற்றில் ஒன்றும் தெரியாததால் சாயங்காலமானால் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். கீழே சாமியின் பாடு இன்னும் மோசம். அவருக்கு எல்லா பாஷையும் தெரியும், பேசத்தான் ஆள் இல்லை. கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கிடையாது. மனைவி காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

அந்தச் சமயத்தில் துறைமுகத்தில் ஒரு பழைய வெளிநாட்டுக் கப்பலின் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஊரார் பித்தளை விளக்கு, தேக்குப் பலகை என்று வாங்கி வந்தார்கள். சாமி வாங்கி வந்தது, முன்பக்கம் வட்டமான கண்ணாடிக் கதவு வைத்த ஒரு வாஷிங் மெஷின். அப்படி ஒன்றை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை. சுமை தூக்கிவந்த சுமட்டுத் தொழிலாளிகள் அதை ஹாலில் இறக்கி வைத்துவிட்டு, இது ரொட்டி சுடுகிற அடுப்பு என்றும், இல்லை கப்பலின் ஜன்னல் என்றும் சண்டை போட்டார்கள்.

“துணி தோய்க்கற மெஷினாக்கும்” என்றார் சாமி.

அவர்களில் மூத்தவர் சாமியை மேலும் கீழும் பார்த்தார். “சாமிக்கு ஆகெ ரெண்டு முண்டு. அதுக்கு இத்தற வலிய மெஷினோ?”

பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் காரணம் அந்தக் கேள்விதான். அந்த மெஷின் ஒரு கப்பலின் மாலுமிக் கூட்டத்துக்கே துவைத்துப் போட்டது. அதன் வயிறு பெரியது. ஒற்றை ஆளான சாமியிடம் சேர்கிற அழுக்கோ, அதன் பல்லிடுக்குக்குக்கூடக் காணாது.

முதல் நாள் ஒரு வேட்டியும் இரண்டு துண்டும் போட்டு ஓட்டினார். மூன்றும் சுருண்டு ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டன. தண்ணீரைப் பிழிகிற வேகம் வந்ததும் மெஷின் ஒரு குலுங்கு குலுங்கி, ஹாலை விட்டுப் புறப்பட்டுச் சமையலறையைப் பார்க்க நடந்தது. “நில்லு, நில்லு” என்று கெஞ்சிக்கொண்டே சாமி பின்னால் போனார். கொத்தனாரை அழைத்துத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய பிறகு நடை நின்றது. டொம் டொம் என்ற அடி மட்டும் நிற்கவில்லை.

“வயிறு நிறைஞ்சாத்தான் இது ஒழுங்கா சுத்தும், கேட்டியோ தம்பி” என்று அன்றே என்னிடம் சொல்லிவிட்டார். “துணி மேல போகணும், அங்கேந்து தொப்புனு விழணும். அந்த விழறதுலதான் அழுக்குப் போறது. துணி கொறைஞ்சா விழாது. நுரை ஜாஸ்தியானாலும் விழாது. மெத்தை மேல விழற மாதிரி ஆயிடும்.”

துணிக்கு வழியில்லாததால் முதலில் நுரையைப் பிடித்துக்கொண்டார். மெஷினில் எழுதியிருந்தது எந்த நாட்டு எழுத்தோ, யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. அதனால் எல்லாமே பரீட்சைதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு லேசில் நுரைக்காது. சோப்புக் கட்டியைத் தேங்காய்த் துருவியில் வைத்துத் துருவிப் போட்டார். அந்த வாரம் முழுக்கச் சட்னியில் சோப்பு மணத்தது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் போட்டார். செம்பருத்தி இலையைக் கசக்கி, தலைக்குத் தேய்க்கிற வழுவழுப்பான தாளியாக்கி ஊற்றினார். அவருடைய ஒரே நல்ல வேட்டி பாசி பிடித்த குளத்தின் நிறத்துக்கு வந்தது.

தண்ணீர் இறைத்து ஊற்றுவது என் பொறுப்பு. மாடி வராந்தாவில் ஒரு பீப்பாயை வைத்து, அதிலிருந்து கீழே மெஷினுக்குக் குழாய் விட்டிருந்தார். அவர் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் மச்சைத் தட்டினால் நான் குழாயைத் திறக்க வேண்டும். மறுபடி தட்டினால் மூட வேண்டும். மூடிவிட்டுக் கீழே இறங்கி வந்தால் மெஷினுக்கு எதிரில் இரண்டு நாற்காலி போட்டிருப்பார். ஒன்றில் அவர். இன்னொன்று யார் வந்தாலும் உட்காரட்டும் என்று. நான்தான் உட்காருவேன். வேறு யாரும் வரமாட்டார்கள்.

கண்ணாடியில் நுரை ஏறுவதை அவர் திதியில்தான் சொல்வார். நுரையே இல்லாவிட்டால் அமாவாசை. கீழே மெல்லிசாக வளைந்து தெரிந்தால் பிறை. பாதிக் கண்ணாடி மறைந்தால் அஷ்டமி. பஞ்சமிதான் உத்தமம், அதற்கு மேல் போனால் துணி விழாமல் மிதக்கும் என்பது அவருடைய சித்தாந்தம். ஒருநாள் நுரை மேலே ஏறிவிட்டது. “ஐயையோ, ஏகாதசி ஆயிடுத்தே!” என்று கத்தினார். அடுத்த வீட்டில் இருந்த பப்படச் சேச்சி அதைக் கேட்டுவிட்டு, கொதிக்கிற சோற்றை இறக்கி வைத்துப் பட்டினி கிடந்தாள். நிஜ ஏகாதசி வந்தபோது மறுபடியும் கிடந்தாள். இரண்டாவது பட்டினிக்கு அவள் சாமியை மன்னிக்கவேயில்லை.

இந்தப் பப்படச் சேச்சி கொங்கணிக்காரி. வீட்டிலேயே பப்படம் இட்டு விற்பவள். தெருவில் அவள் சொன்னால் சொன்னதுதான். ஐந்து பிள்ளைகள், மாமனார், மாமியார், கணவர் என்று நிறைந்த வீடு. துணி மலைபோலக் குவியும். சாமி அந்தக் குவியலைப் பார்க்கிற பார்வை, பசித்தவன் பந்தியைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

பஞ்சமி கைக்கு வந்ததும் சாமி தெருவில் இறங்கினார். “அழுக்குத் துணி இருக்கோ? சும்மா தோய்ச்சுத் தரேன். கூட வந்து உக்காந்து பாக்கலாம். சாயா போட்டுத் தரேன்” என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டார். தெரு மிரண்டு போயிற்று. அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பால் இன்னொரு வீட்டுக்குப் போகும், கல்யாணத்துக்கு நகைகூட இரவல் போகும். ஆனால் ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுத் துணியோடு நனையக் கூடாது.

“என்ட வீட்டு துணியும் கண்டவன்ட துணியும் ஒரே வெள்ளத்தில் உருளுமோ?” என்று கேட்டாள் பப்படச் சேச்சி. “அது சரியாவில்லா, சாமீ.”

மஞ்சள் குடோன் ஆட்கள் மட்டும் பெருந்தன்மையாகத் தங்கள் துண்டுகளைக் கொடுத்தார்கள். சாமி ஆனந்தமாக அவற்றோடு என் வெள்ளைச் சட்டைகளையும் சேர்த்துப் போட்டார். மறுநாள் மண்டியில் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காமாலைக்கு நாட்டு மருந்து நல்லது என்றார். சேச்சி அந்தச் சட்டையைத் தெருவெல்லாம் சுட்டிக்காட்டித் தன் கட்சியை நிரூபித்தாள்.

சாமி விடவில்லை. ஒவ்வொரு வீட்டுத் துணியையும் தனித்தனியாகத்தான் போடுவேன் என்று மாதக்கணக்காக மன்றாடினார். கடைசியில் சேச்சி இறங்கி வந்தாள். ஒரே ஒரு தடவை, அவள் வீட்டுப் போர்வையும் விரிப்பும் மட்டும், வேறு ஒரு நூல் கூடச் சேரக் கூடாது. இது நன்றாக அமைந்தால் தெருவே வரும் என்று சாமிக்குத் தெரியும். அன்று காலையிலேயே நாற்காலிகளைத் துடைத்தார். பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கி இன்னும் இரண்டு போட்டார்.

வந்தது எடவப்பாதி மழை, அந்த ஊரின் தென்மேற்குப் பருவமழை. இரவெல்லாம் கொட்டி, மாடிப் பீப்பாய் தானாகவே நிரம்பி வழிந்தது. “பாத்தியா, ஆகாசமே தண்ணி அனுப்பியிருக்கு. நீ இறைக்க வேண்டாம்” என்றார் சாமி. சோப்பு மட்டும் வழக்கம்போல் போட்டார். வழக்கம்போல் என்றால், உப்புத் தண்ணீரோடு ஒரு வருஷமாக மல்லுக்கட்டிக் கண்டுபிடித்த இரண்டு பெரிய கை அள்ளல். மழைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டாலே நுரைத்துத் தள்ளும் என்பதை அவர் நினைக்கவில்லை. சேச்சி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“பிறை” என்றார் சாமி. “பஞ்சமி. அஷ்டமி. தசமி…” பௌர்ணமி வந்தது. அதற்குப் பிறகு அவருடைய பஞ்சாங்கத்தில் திதியே இல்லை. கதவின் ஓரத்தில் பிதுங்கி, சோப்புப் போடுகிற வாயில் பொங்கி, நுரை ஹாலுக்குள் இறங்கியது. நாற்காலிக் கால்களை மூடியது. படியிறங்கி முற்றத்துக்குப் போய், வேலியைத் தாண்டி, சேச்சி வீட்டுத் துளசி மாடத்தை இலை தெரியாமல் முழுங்கியது. மழையில் குடையோடு போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பதச்சாமி என்ற பட்டம் அந்தக் காலையில் கிடைத்ததுதான்.

சேச்சி நுரை சொட்டுகிற போர்வைகளைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். “இனி இந்த வாசல்ல ஞான் கால் வைக்கூல்லா” என்று சொல்லிவிட்டுப் போனாள். இரவல் நாற்காலிகளை நான் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன்பின் சாமி யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் மெஷினை விடவும் மனமில்லை. காலையில் ஒரு சட்டை போடுவார், பத்து மணிக்கு மாற்றுவார், சாப்பிட்டதும் மாற்றுவார், சாயங்காலம் ஒன்று. நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதர் தனி ஆளாக உட்கார்ந்து ஒரு குடும்பத்துக்கான அழுக்கைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் அந்த வயிறு நிறையவில்லை. டொம் டொம் என்று அது அடித்துக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு மாடியில் படுத்திருப்பேன்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷினில் அடிச் சத்தம் இல்லை. சீராக, மெத்தென்று சுற்றியது. மத்தியானம் சாமியின் முற்றத்துக் கொடியில் மூன்று ஒன்பது கஜப் புடவைகள் காய்ந்தன. அரக்கு, கிளிப்பச்சை, கத்தரிப்பூ.

தெரு பற்றிக்கொண்டது. சாமி இந்த வயசில் கல்யாணம் பண்ணிக்கொண்டார், பெண் பாலக்காட்டுப் பக்கம், இல்லை திருச்சூர் என்றெல்லாம் பேச்சு. சாயங்காலம் பெண்கள் கூட்டமாகப் பெண் பார்க்க வந்தார்கள். சத்தியத்தை மறந்து முன்னால் வந்தவள் பப்படச் சேச்சி. கையில் ஒரு கட்டுப் பப்படம் வேறு.

“சாமீ, புதிய ஆள் எவிடே?”

“எந்த ஆள்?”

“ஒளிச்சு வைக்க வேண்டா. கொடியில சாரி கண்டாச்சு.”

சாமி எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் கண்ணாடிக்குள் இன்னும் நாலைந்து புடவைகள் மேலே போவதும் விழுவதுமாக இருந்தன.

“அதெல்லாம் அவளோடதாக்கும்” என்றார். “அவ போனதுலேர்ந்து பெட்டியில மடிச்சது மடிச்சபடி இருந்தது. அழுக்கெல்லாம் ஒண்ணுமில்லை. மெஷின் நிறைய மாட்டேங்கறது. என்கிட்ட வேற துணி இல்லை.”

சேச்சி பப்படக் கட்டை மெதுவாக மேஜை மேல் வைத்தாள். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் புடவைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போனாள். போனவள் ஒரு பெரிய மூட்டையோடு திரும்பி வந்தாள்.

“இது ஞங்ஙட வீட்டு துணி. அடுத்த தடவைக்கு அவர்ட சாரியோட சேர்த்து போட்டா மதி, அது போதும்.”

“சேத்துப் போடலாமா?” என்றார் சாமி. “ஒனக்குத்தான் ஆகாதே.”

“சேர்த்து போடு, சாமீ.”

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மாடிக்கு ஓடினேன். அழுக்குத் துணி ஒன்றுகூட அகப்படவில்லை. என்னுடையதை எல்லாம்தான் அவர் அன்றாடம் துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாரே. பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்தேன். வராந்தாத் தரையில் போட்டு நன்றாகத் தேய்த்து, கீழே கொண்டுபோய், “இதையும் போடுங்க சாமி, ஒரே அழுக்கு” என்று நீட்டினேன்.

என்னிடம் இருந்ததிலேயே நல்ல சட்டை அதுதான்.