ஒரு மணிக்கட்டின் முன்னேற்றம்

கைக்கடிகாரம் கட்டுகிறவர்கள் ஒரு ரகம், கைக்கடிகாரம் சேர்க்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மணி தெரிந்ததும் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள். இரண்டாவது ரகத்துக்குள் ஓர் உட்பிரிவு இருக்கிறது. இன்று நாம் பார்க்கப்போவது அதைத்தான். ‘ரசனை முன்னேறிக்கொண்டே இருக்கிறவர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆளை அடையாளம் காண்பது சுலபம். போன வருஷம் உயிரைக் கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி இந்த வருஷம் நீங்கள் ஆசையாக விசாரித்தால், தூரத்து உறவினர் ஒருவர் ஜெயிலுக்குப் போனதை நாலு பேர் முன்னால் கிளறிவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அதெல்லாம் அப்போ” என்பார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பல் டாக்டர். என் கடைவாய்ப் பல் ஒன்றை அவரிடம் ஒப்படைத்திருந்த காலத்தில் இந்தக் கதை முழுவதையும் அவர் வாயாலேயே கேட்டேன். என் வாய் திறந்துதான் இருந்தது. அதற்குள் பஞ்சும் குழாயும் இருந்தன. பல் டாக்டருக்குக் கடிகாரப் பைத்தியம் பிடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று அப்போது புரிந்துகொண்டேன். வேறு எந்தத் தொழிலில் எதிராளியின் மூக்குக்கு அவ்வளவு பக்கத்தில் மணிக்கட்டைக் கொண்டுபோக முடியும்? வேறு எந்தத் தொழிலில் அவர் ‘ஆ’ என்பதைத் தவிர வேறு அபிப்பிராயம் சொல்ல வழியில்லாமல் மல்லாந்து கிடப்பார்?

ஆரம்பத்தில் அவரும் நம்மைப் போலத்தான் இருந்தார். யாரோ ஒரு பெரிய டாக்டரின் ஆஸ்பத்திரியில் மூலையில் ஒரு நாற்காலி, அதில் அடுத்தவர் பெயருக்கு வந்த நோயாளிகள் என்று பல வருஷம் ஓட்டியவர், கடைசியில் சொந்தமாக கிளினிக் திறந்தார். அன்றைக்கு வாங்கியதுதான் முதல் கடிகாரம். தங்கம். வட்டம் தங்கம், பட்டை தங்கம், முள் தங்கம், எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் கல். நாற்காலிக்கு மேலே தொங்கும் விளக்கின் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்ததும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே நோயாளிகள் மூடிக்கொண்டார்கள். கையுறை போட்டால் மணிக்கட்டில் நெல்லிக்காய் கட்டின மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. டாக்டர் அதைக் குறையாக நினைக்கவில்லை.

மூன்று வருஷம் போல அந்தச் சந்தோஷம் நீடித்தது. பிறகு பழைய வகுப்புத் தோழர் ஒருவர் பல் காட்ட வந்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “என்னடா, நகைக்கடை முதலாளி மாதிரி இருக்கே?” என்றார். அவ்வளவுதான். தங்கக் கடிகாரம் அன்றைக்கே பீரோவுக்குள் போயிற்று.

அடுத்து வந்தது எஃகு. கடலடியில் நீந்துகிறவர்களுக்கென்றே செய்தது. முந்நூறு மீட்டர் ஆழம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. டாக்டருக்கு நீச்சல் தெரியாது. கை கழுவும்போதுகூட அதைக் கழற்றித் துண்டின் மேல் வைத்துவிட்டுத்தான் குழாயைத் திறப்பார். அவருடைய மாமனார் அந்த வீட்டிலேயே இருக்கிறவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“மாப்பிள்ளை, முந்நூறு மீட்டர் ஆழத்துல போய் மணி பார்த்து என்ன பண்ணப்போறீங்க?”

“மணி பார்க்கிறதுக்கு இல்ல மாமா. போக முடியும்கிறதுதான் விஷயம்.”

“யாரால? உங்களாலயா?”

“கடிகாரத்தால.”

மாமனார் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார்.

எஃகுக்குப் பிறகு நிலா. வட்டத்துக்குள் ஒரு சின்ன ஜன்னல், அதில் நீல வானம், அதில் இன்றைக்கு என்ன பிறையோ அதைக் காட்டும் ஒரு நிலா. லீப் வருஷத்தைத் தானாகவே சமாளிக்கும். “ஜன்னலைத் திறந்தா நிலா தெரியுதேங்க” என்றார் டாக்டரின் மனைவி. அவர் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை; எதையும் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுப் பேசுவது வழக்கம். “அது தோராயம், இது துல்லியம்” என்றார் டாக்டர். அதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுக் குடும்பத்தோடு ஒரு பயணம் போய்த் திரும்பி வந்தபோது துல்லியம் நின்றுபோயிருந்தது. அதை மறுபடி சரிசெய்ய ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். அவர் படித்த பல் மருத்துவப் பாடங்களில் எதுவும் அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. அந்த வருஷம் பாதி நாள் அவருடைய கையில் பௌர்ணமிதான்.

இந்த நிலையில்தான் அவர் சங்கத்தில் சேர்ந்தார்.

ஊரில் கடிகாரம் சேர்க்கிறவர்கள் மாதம் ஒரு தடவை ஒரு ஓட்டலின் பின்னறையில் கூடுவார்கள். தலைவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். சட்டைப் பையில் எப்போதும் பூதக்கண்ணாடி வைத்திருப்பதால் எல்லோருக்கும் அவர் ‘லென்ஸ்’. டாக்டர் பெருமையாக நீட்டிய நிலாக் கடிகாரத்தை லென்ஸ் வாங்கி, கண்ணாடி வழியாக நிதானமாகப் பார்த்து, மேஜைமேல் வைத்துவிட்டு, “நல்லா உழைச்சிருக்காங்க” என்றார். பக்கத்து வீட்டுக் குழந்தை வரைந்த யானைப் படத்தைப் பார்த்து நாம் சொல்வோமே, அந்தக் குரலில். பிறகு தன் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். கண்ணாடி மங்கி, வட்டம் பழுப்பேறி, முள்ளில் துரு. எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அங்கே டாக்டர் ஒரு புது பாஷையே கற்றுக்கொண்டார். நாம் கறை என்போம். அவர்கள் ‘நிறம் கனிஞ்சிருக்கு’ என்பார்கள். நாம் தேய்ந்துபோச்சு என்போம். அவர்கள் ‘நேர்மையா இருக்கு’ என்பார்கள். யாராவது ஒரு பழைய கடிகாரத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டால், “பாலிஷ் போட்டுட்டாங்க” என்று, வீட்டில் துக்கம் நடந்த செய்தியைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஆக, பகலெல்லாம் ஊரார் பல்லில் படிந்த கறையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்த டாக்டர், சாயங்காலமானால் கறை படிந்ததாகப் பார்த்துத் தேடித்தேடி வாங்கினார். மனைவி ஒரு கடிகாரத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, “இது பூஞ்சைங்க. ஈரம் பட்டிருக்கு” என்றார்.

“சும்மா ஈரம் இல்லம்மா. அறுபது வருஷத்து ஈரம்.”

இதோடு நின்றிருந்தால் உங்களை நான் இங்கே உட்காரவைத்திருக்க மாட்டேன். ரசனைக்கு ஏது நிற்கிற இடம்? மலைகள் நிறைந்த எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் தனி ஆளாகக் கடிகாரம் செய்கிறார், வருஷத்துக்கு ஒரு கைப்பிடி அளவுக்குத்தான் செய்கிறார், அதில் பெயர் கிடையாது, கல் கிடையாது, நிலா கிடையாது, பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் பரீட்சைக்குக் கட்டிக்கொண்டு போகிற கடிகாரம் மாதிரி இருக்கும் என்று டாக்டர் கேள்விப்பட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பார்த்தால் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியவேண்டும். தெரிந்தவர்கள் ஊரில் லென்ஸையும் சேர்த்து இரண்டு பேர்.

அதைக் கடையில் போய் வாங்க முடியாது. நீங்கள் அதற்குத் தகுதியானவர்தானா என்று, செய்கிறவரின் சார்பில் ஓர் அம்மாள் வீட்டுக்கே வந்து பார்ப்பார். அந்த அம்மாளிடம் லென்ஸ் ஏற்கெனவே தோற்றிருந்தார்.

“பீரோவைத் திறந்து காட்டச் சொல்வாங்க டாக்டர்” என்று போனில் எச்சரித்தார். “என் மேஜை டிராயர்ல ஒரே ஒரு கல் வச்ச வாட்ச் கிடந்தது. என் கல்யாணத்துக்குப் போட்டது. பார்த்தாங்க, சிரிச்சாங்க, எழுந்து போயிட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை. அம்மாள் பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. டாக்டர் காலையிலேயே களையெடுப்பில் இறங்கினார். பழுப்பேறிய மூன்று கடிகாரங்களை மட்டும் ஒரு மரத்தட்டில், தற்செயலாக வைத்ததுபோல் தெரிவதற்காக நாலைந்து முறை மாற்றி மாற்றி வைத்தார். தங்கம், எஃகு, நிலா, இன்னும் அந்தந்தக் காலத்துச் சில்லறைகள் எல்லாவற்றையும் ஒரு தலையணை உறையில் போட்டு முடிந்தார். காரில் வைத்து கிளினிக்கில் பூட்டிவிட்டு வரலாம் என்று எண்ணம். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. அந்த அம்மாள் முன்கூட்டியே வந்துவிட்டார். கார் நின்றது முன்வாசலில்; அந்த வழி அடைபட்டுவிட்டது. பீரோ ஆகாது, டிராயர் ஆகாது, கட்டிலுக்கடியில் ஒரு வெள்ளைத் தலையணை உறை தெரிந்தால் கேள்வி வரும். டாக்டர் பின்கட்டுக்கு ஓடினார், அங்கே துணி துவைக்கும் மெஷின் வாயைத் திறந்துகொண்டு நின்றது, உள்ளே அழுக்குத் துணி பாதி இருந்தது, உறையைத் துணிக்கு நடுவில் செருகிக் கதவைச் சாத்திவிட்டு, மூச்சைச் சமன்படுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

அந்த அம்மாள் சாம்பல் நிற உடையில் இருந்தார். கையில் கடிகாரம் இல்லை. அது டாக்டரை மிகவும் பாதித்தது.

“உங்களுக்கு ஏன் இது வேணும்னு தோணுது?”

“எனக்கு வேணுமான்னு நான் யோசிக்கல மேடம். அதுக்கு நான் பொருத்தமான்னுதான் யோசிக்கிறேன்.” வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தது. அம்மாள் மெல்லத் தலையசைத்தார்.

இங்கே ஒரு விஷயம். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைத் துணி மாமனாருடைய இலாகா. காலையிலேயே துணியை உள்ளே போட்டவர் அவர்தான். சோப்புத்தூள் தீர்ந்துபோயிருந்ததால் கடைக்குப் போயிருந்தார். இப்போது பின்வழியாக வந்தார். தூளைக் கொட்டினார். பொத்தானை அழுத்தினார்.

முதலில் தண்ணீர் விழும் சத்தம். டாக்டர் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவில் நின்றார். பிறகு, டக். கொஞ்சம் பொறுத்து, டக், டக்.

“என்ன சத்தம்?”

“மாமா துணி துவைக்கிறார் மேடம்.”

“கல்லைப் போட்டா?”

“ஜீன்ஸ்ல பட்டன் இருக்கும்.”

எழுந்து ஓட வேண்டியதுதானே என்கிறீர்கள். எழுந்தால் ஏன் எழுந்தோம் என்று சொல்லவேண்டும். சொன்னால் தங்கத்தைச் சொல்லவேண்டும், கல்லைச் சொல்லவேண்டும். ஊரெல்லாம் மரத்துப்போக ஊசி போட்டவர், அதைத் தனக்கே போட்டுக்கொண்டவர்போல உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் மனைவி தேநீர்த் தட்டோடு வந்தார். மரத்தட்டில் மூன்றே மூன்று கடிகாரம் இருப்பதைப் பார்த்தார். பின்கட்டுப் பக்கம் காது கொடுத்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோப்பையை வைக்கிற சாக்கில் குனிந்து, “நிறுத்தட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

டாக்டர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

“நீங்க முதல்ல வாங்கின கடிகாரம் எது?” என்று கேட்டார் அம்மாள்.

“அப்படிக் குறிப்பா ஒண்ணும் இல்ல மேடம். எனக்கு ஆரம்பத்துலேருந்தே எளிமைதான்.”

மெஷின் பிழிய ஆரம்பித்தது. வீடே அதிர்ந்தது.

சத்தம் ஓய்ந்த பிறகு அம்மாள் எழுந்தார். பீரோவைத் திறக்கச் சொல்லவேயில்லை. “எவ்வளவு சத்தம் வந்தாலும் நீங்க அசையல டாக்டர். எங்க கடிகாரம் கைக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். இந்தப் பொறுமைதான் எங்களுக்கு வேணும்” என்று கை குலுக்கிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் டாக்டர் ஓடினார். மாமனார் ஏற்கெனவே துணிகளை வாளியில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். “தலையணை உறைக்குள்ள வைக்கிறதுன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மாப்பிள்ளை? வெள்ளைத் துணி வேற” என்றார். உறையின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. எஃகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. நிலா தனியாகப் பிரிந்து ஒரு காலுறைக்குள் இருந்தது. தங்கக் கடிகாரத்தின் கண்ணாடி விரிசல் விட்டு, கற்கள் பாதி உதிர்ந்து, வட்டத்தில் தண்ணீர் வழிந்த தடம் கோடு கோடாக இருந்தது. டாக்டர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கிளினிக் திறந்த அன்னைக்கு இதைக் கட்டிக்கிட்டு வந்து, சாயங்காலம் பூரா கையை நீட்டி நீட்டிக் காட்டினீங்க. எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிச்சிருந்தது” என்றார்.

இந்த இடத்தில் டாக்டர் என் பல்லைக் குடைவதை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அன்றைக்கு அழுதாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் என் வாய் இல்லை.

மனிதர் திருந்தினார் என்று இங்கே முடித்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அவர் அந்தத் தங்கக் கடிகாரத்தை ரிப்பேர் செய்யாமல், அப்படியே கட்டிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார். மனைவிக்குப் பிடித்த ஆளாக ஒரு நாளாவது இருக்கலாமே என்றுதான் கட்டினாராம், நான் நம்புகிறேன். லென்ஸ் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். வழிந்த கோடுகளைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், கல் உதிர்ந்த குழிகளைப் பார்த்தார்.

“என்ன ஒரு கனிவு! யார்கிட்டேருந்து வாங்கினீங்க?”

உண்மையைச் சொல்ல ஒரு நொடி இருந்தது. டாக்டர் யோசித்தார்.

“முதல் சொந்தக்காரர்கிட்டேருந்து” என்றார். அதுவும் உண்மைதானே?

மறுவாரம் லென்ஸ் தனியாக போன் செய்து சுற்றி வளைத்துப் பேசி விஷயத்தைக் கறந்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, “எந்த சோப்பு டாக்டர்?” என்று கேட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுப் பின்வாசலில் கார்கள் நிற்கின்றன. வெள்ளைத் துணியோடு சேர்த்துப் போட முடியாது என்பதில் மட்டும் மாமனார் உறுதியாக இருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ‘எனக்குக் கடிகாரமே கிடையாது, போனில்தான் மணி பார்க்கிறேன்’ என்கிறீர்கள். சரி. போன தடவை நாலு பேர் வீட்டுக்கு வருவதாகச் சொன்னபோது, புத்தக அலமாரியின் முன்னால் நின்று ஏதோ செய்துகொண்டிருந்தீர்களே, அது என்ன? ஒரு காலத்தில் கண்ணீர் விட்டுப் படித்த எந்தப் புத்தகத்தைப் பின்வரிசைக்குத் தள்ளினீர்கள், இன்னும் பத்துப் பக்கம்கூடத் தாண்டாத எந்தத் தடிமனான புத்தகத்தை முன்னால் இழுத்து வைத்தீர்கள்? நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்றுதான் தெரிந்துகொள்ள ஆசை. இந்தப் புத்தகத்தை எந்த வரிசையில் வைப்பதாக உத்தேசம்?