அறுபத்தொரு தலைக்கட்டும் ஒரு காதல் படமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை தங்கப்பொண்ணு வணங்கி எழுதுவது. திருப்பரங்குன்றத்து முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்பில் குறையில்லை. வாடிப்பட்டியில் அண்ணிக்கு முழங்கால் வலி விட்டிருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உங்கள் மாப்ள காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மருமகன், என் பிள்ளை சூர்யபிரகாஷ் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டான். வெளிநாட்டுப் படக் கம்பெனிகள் சந்தா வாங்கிச் சம்பாதிப்பதில் ஒரு பங்கை உள்ளூர்ப் படம், நாடகம் எடுக்கக் கொடுக்கணும் என்று சில நாடுகளில் சட்டம் இருக்கிறதாம். நம்ம நாட்டில் வரும்போது வரட்டும், நாம முதலில் போடுவோம் என்று குலசாமி கோயில் கூட்டத்தில் எழுந்து பேசினான். சாமி கும்பிடுக்குத் தலைக்கட்டு வரி கட்டிப் பழகிய பங்காளிகள்தானே, தலையாட்டிவிட்டார்கள். அறுபத்தொரு வீடு, வீட்டுக்கு ஐந்நூறு, ஆக முப்பதாயிரத்து ஐந்நூறு. கணக்கு நோட்டு என் கையெழுத்தில் இருக்கிறது. சட்டம் எழுதியது உங்கள் மருமகன். முதல் விதி, போனில் வெளிநாட்டுத் தொடர் பார்க்கிற வீடெல்லாம் கட்டணும். இரண்டாம் விதி, படத்தில் வரி கட்டிய வீட்டு ஆட்கள் மட்டும்தான் நடிக்கணும். உள்ளூர்க் கலைஞர்களைக் காப்பாற்ற அதுதான் வழியாம். அந்த இரண்டாம் விதிதான் அண்ணே எங்களைக் கவிழ்த்தது.

எடுப்பது காதல் படம். அருண்பாண்டி கதாநாயகன், சரண்யாதேவி கதாநாயகி என்று கேமராவை வாடகைக்கு எடுத்து வந்து நிறுத்திவிட்டான். பங்காளிகளில் மூத்தவர் சுடலை மாமா துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"ஏலே, அவன் எனக்குப் பேரன், இவ எனக்குப் பேத்தி. அண்ணனும் தங்கச்சியும் கையைப் பிடிச்சுக்கிட்டு கம்மாக்கரையில ஓடுவாகளோ?"

"தாத்தா, இது நடிப்பு."

"நடிப்புன்னா தாலிய அண்ணன் கட்டலாமா?"

"அப்ப வெளியூர்லருந்து ஒரு புள்ளையக் கூட்டிட்டு வாரேன்."

"ரெண்டாவது விதி யாரு எழுதுனது? உங்க அம்மா நோட்டுல இருக்குல்ல, வாசிக்கச் சொல்லு."

நான்தான் அண்ணே வாசித்தேன். பெற்ற பிள்ளைக்கு எதிராகச் சத்தம் போட்டு வாசித்தேன். அறுபத்தொரு வீடும் பங்காளி வீடு, எந்தப் பையனை எடுத்தாலும் எந்தப் பெண்ணும் அவனுக்குத் தங்கச்சி முறையாகவோ அத்தை முறையாகவோ வந்து நிற்கிறது. சரி, காதல் வேண்டாம், சண்டைப் படம் எடுக்கலாம் என்றான். "ஐந்நூறு ரூவாயும் குடுத்து அடியும் நான் வாங்கணுமா?" என்று வில்லனாக ஒருத்தரும் வரவில்லை. செத்துப்போகிற வேஷத்துக்குக் கேட்ட வீட்டில் இவனுக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. கடைசியில், கிடாக்கறியைக் கூறு போடுகிற மாதிரி எல்லா வீட்டு முகத்தையும் சமமாகக் காட்டு என்கிறார்கள். அரை மணி நேரப் படத்தை அறுபத்தொன்றால் வகுத்துப் பார்த்தேன், வீட்டுக்கு முப்பது விநாடிகூடத் தேறவில்லை. அதற்கும் யார் முகம் முதலில் என்று தகராறு.

கேமரா வாடகையிலேயே பதினெட்டாயிரம் போய்விட்டது. பங்குனிக்குள் படம் காட்டாவிட்டால் கூட்டத்தில் நாங்கள் தலைகுனிந்து நிற்கணும். பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. திருப்பூருக்குப் போறேன், போனை அணைச்சிருவேன், என்னைத் தேடாதீங்க என்கிறான். உங்கள் மாப்ள அதற்கும் "ம்" என்கிறார். விளக்கேற்றினால்கூட வேண்டுதல் வாயில் வரமாட்டேன் என்கிறது. நீங்கள் வியாழக்கிழமை வந்து அவனைக் கையோடு கூட்டிப்போய் உங்கள் உரக்கடையில் உட்கார வையுங்கள். படம் என்ற பேச்சே அவன் வாழ்க்கையில் இனி வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் மகள் பவதாரிணி பரீட்சைக்கு முருகன் முன்னால் நெய்விளக்கு போட்டிருக்கிறேன், நன்றாக எழுதுவாள்.

உங்கள் தங்கை,
தங்கப்பொண்ணு

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கும் முன்னால் நேற்று மறுபடியும் கூட்டம் கூடிவிட்டது. தலைக்கட்டு என்றால் புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்ததுதானே, வரி கட்டியவர்களில் முறையான ஜோடி அவர்கள்தான் என்று சுடலை மாமா கண்டுபிடித்துவிட்டார். எந்த ஜோடி என்று சாமி முன்னால் திருவுளச்சீட்டு போட்டார்கள். எங்கள் வீடு வந்தது. சாமி சொன்ன பிறகு நான் எப்படி மறுப்பேன்? உங்கள் மாப்ள மீசைக்கு மை வாங்க டவுனுக்குப் போயிருக்கிறார். பிள்ளை இரண்டு வேளையும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வெக்கப்படும்மா" என்று என்னை வாட்டி எடுக்கிறான். அவனைக் கூட்டிப்போக வரவேண்டாம். வியாழக்கிழமை தாலி கட்டுகிற காட்சி, பெண் வீட்டுப் பக்கம் நிற்க ஆளில்லை, நீங்கள் ஐந்நூறு ரூபாயோடு வந்து சேருங்கள்.