சோலைமலை வீட்டு ரோஸ் கலர்

"போனக் கொஞ்சம் திருப்புங்க. செவுரப் பாக்கணும்," என்றாள் மனைவி ஜீவராணி, குவைத் நம்பர் வீடியோ காலில்.

சோலைமலை போனை அவசரமாக நெஞ்சோடு சேர்த்து மூடினான். புது வீட்டின் நட்டநடுவில்தான் நின்றுகொண்டிருந்தான். ஆனால் சுவர் மண். அத்திவாரத்துக்கு வெட்டிய மண்ணையே எடுத்து, பேருக்குக் கொஞ்சம் சீமெந்து கலந்து, இரும்பு அச்சில் அமுக்கி, நிழலில் காயவைத்து அடுக்கிய கல். குவைத்தில் பளிங்குத் தரை துடைக்கிறவளிடம் இதை எப்படிக் காட்டுவது?

"நெட்வேக் சரியில்ல புள்ள," என்று வெட்டிவிட்டான்.

அவள் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "இனிமே இந்தத் தோட்டத்து லயத்து ஒத்த ரூமுல கால் வெக்க மாட்டேன். நமக்குன்னு ஒரு வீட்டக் கட்டி முடிங்க. அன்னைக்கு வர்றேன்." ஜீவராணி சொன்னால் சொன்னதுதான். மனுசி அப்படி.

டிக்கோயா மலைக் குளிரில் அவளுடைய பாதம் ஐஸ் கட்டியாகிவிடும். அதைக் கொண்டுவந்து இவன் கெண்டைக்காலில் வைப்பாள். இவன் துள்ளி விழுந்து கத்துவான். இப்போது கால் சூடாகத்தான் இருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை. கத்தவைக்க ஆள் இல்லாத வீட்டில் என்ன தூக்கம்!

அதனால்தான் ஏழு பேர்ச் காணியில் மாதிரி வீடு கட்டித் தருகிறோம் என்று ஓர் அமைப்பு வந்தபோது, எதையும் கேட்காமல் தலையை ஆட்டினான். வீட்டுக்குப் பிளான் வரைந்தவர் தனுஜா மிஸ், நுவரெலியாக்காரர். கருங்கல் அடித்தளம், மண் கல் சுவர், மழைத்தண்ணீர் தொட்டிக்கு இறங்கும் ஓட்டுக்கூரை, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். "இது மூச்சு விடுற செவுரு," என்று சுவரைத் தடவுவார். சுவர் மூச்சு விட்டு யாருக்கு என்ன லாபம் என்று அவனுக்கு விளங்கவில்லை. அவன் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. விறகடுப்பின் முதுகும் படுக்கையறைச் சுவரும் ஒன்றாக இருக்கவேண்டும். ஏன் என்று மிஸ் கேட்டதற்கு, "சும்மாதான்," என்று சொல்லிவிட்டான்.

அடுத்த தடவை ஜீவராணி அழைத்தபோது அவன் உஷாராகப் பைஸர் நானாவின் ஹாட்வெயார் கடையில் நின்றான். கடைச் சுவருக்குப் புதிதாக ரோஸ் கலர் அடித்திருந்தார்கள்.

"இந்தா பாரு, நம்ம ஹாலு."

"ரோஸ் கலரா?"

"உனக்குன்னுதான்."

அவள் பக்கத்துக் கேமரா எப்போதும் இருட்டு. வேலை செய்கிற வீட்டு மேடம் விடமாட்டாளாம். அந்த இருட்டுக்குள் அவள் என்ன முகம் காட்டினாளோ, தெரியவில்லை. அதற்குள் பின்னாலிருந்து பைஸர் நானா குரல் கொடுத்தார். "சோலைமலை, கமோட்டுக்கு வெல கேட்டீங்களே, எடுக்கிறீங்களா இல்லியா?"

"யாருங்க அது?"

"மேசன்."

"மேசன் ஏன் கமோட்டு விக்கிறாரு?"

"சைடு பிஸ்னஸ்," என்று போனை அமர்த்தினான்.

சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய்யில்லையே என்று அவனுக்கு ஒரு ஞானம் பிறந்தது. அதே கடையில் அதே ரோஸ் கலர் எனாமலை வாங்கினான். "மண் கல்லுக்கு இது சரிவருமான்னு எனக்குத் தெரியாதுப்பா," என்று நானா கையைக் கழுவிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை லீவில் ஏணி வைத்து, வெளிச்சுவருக்கும் உட்சுவருக்குமாக அடித்துத் தள்ளினான். தூரத்தில் நின்று பார்த்தால் கேக் மாதிரி இருந்தது. அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

வாரம் திரும்புமுன் மழை பிடித்துக்கொண்டது. மூச்சு முட்டிய சுவர் அம்மை போட்டதுபோல் கொப்பளித்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று அடுப்பில் விறகைத் திணித்து எரித்தான். கொப்பளங்கள் உடைந்து பெயின்ட் தோல் தோலாகத் தொங்க ஆரம்பித்தது. நாற்றம் தாங்காமல் ஆளுயர ஜன்னலைத் திறந்தான். பள்ளத்தாக்கில் இருந்த பனிமூட்டம் முழுவதும் உள்ளே வந்து குடியேறியது.

அந்த நேரம் பார்த்துத் தனுஜா மிஸ், வீட்டைக் காட்டவென்று கொழும்பிலிருந்து இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"சோலைமலை அண்ணே... செவுருக்கு என்ன ஆச்சு?"

"புது ஆளுங்களப் பாத்து வெக்கப்படுது மிஸ்."

மிஸ் சிரிக்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் போட்டோ எடுத்தார். "மெதுவாச் சொரண்டி எடுங்க. பொறகு களிமண் பூசி, தானாக் காய விடணும். அவசரப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அவசரப்படாமல் இருக்க அவனால் முடியுமா? தேயிலை ஃபெக்டரியிலிருந்து கம்பிப் பிரஷ் இரவல் வாங்கி வந்து, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துத் தேய்த்தான். பெயின்ட் போனது, சுவரின் மேல்தோல் போனது, கடைசியில் ஜன்னலோரம் ஒரு கல்லே கழன்று கையோடு வந்துவிட்டது. அந்த ஓட்டை வழியே எதிர்மலைக் கோயில் தெரிந்தது. முருகனும் இவனைப் பார்த்திருப்பான், பாவம்.

மறுபடி பூசிக் காய இன்னும் இரண்டு மாதமாகும் என்று மிஸ் சொல்லியனுப்பினார்.

மறுநாள் ஞாயிறு. ஜீவராணி கேட்டாள்: "வீடு எப்பங்க முடியும்?"

கையில் கல்லை வைத்துக்கொண்டு நின்றவனுக்கு அதற்கு மேல் முடியவில்லை. எத்தனை பொய்யைத்தான் பூசுவது!

"ஜீவா, இது மண்ணு வீடு. நான் காட்டினது பைஸர் நானா கடைச் செவுரு. அதப் பாத்து நானும் ரோஸ் கலரு அடிச்சு, எல்லாத்தையும் நாசமாக்கிட்டேன். செவுத்துல ஓட்ட வேற. ஒன்னே ஒன்னு மட்டும் உருப்படியா இருக்கு. அடுப்புச் சூடு படுக்கிற ரூமுக்கு வரும். அது உன் காலுக்காகக் கேட்டுக் கட்டினது. நீ வராம அந்தச் சூட்ட வெச்சு நான் என்ன பண்றது? எனக்கு உன்னப் பாக்கணும் புள்ள. வீடு கெடக்குது, நீ வா."

போன் வெட்டுப்பட்டது.

போயிற்று, எல்லாம் போயிற்று என்று சோலைமலை படியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

மேலே ரோட்டில் ஆட்டோச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் டிரைவர் ஹிஷாம் பெரிய பெட்டியொன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, தேயிலைக்குள்ளால் தட்டுத்தடுமாறி இறங்கி வந்தான்.

"அண்ணே, இத உள்ளுக்கு வெக்கவா? தரை காயலன்னா வெளியவே வெக்கிறேன்."

"யாரு பெட்டி தம்பி இது?"

"ஜீவராணி அக்காட பெட்டிதாண்ணே, அவங்க நாட்டுக்கு வந்து மூணு மாசமாச்சு, வீடு முடியாம வந்தா சொன்ன சொல்லு போயிரும்னு பூண்டுலோயாவுல தங்கச்சி வீட்டுல இருந்துகிட்டு, ஞாயித்துக்கெழமையானா என் ஆட்டோவுல வந்து மேல் ரோட்டுல நின்னு இந்த மண்ணு வீட்ட ஆசதீரப் பாத்துட்டுப் போவாங்க, நீங்க ரோஸ் கலரு அடிச்ச அன்னைக்கு மட்டுந்தான் அழுதாங்க."