சந்திரனுக்குப் போன மில் பஸ்

திண்டுக்கல்லிலிருந்து தினமும் சந்திரனுக்குப் போய்வந்த ஒரே மனிதர் எங்கள் ராக்கெட்டார்தான். காலை மில் பஸ்ஸில் கிளம்புவார். வேடசந்தூர் வருவதற்குள் பூமிக்குத் திரும்பிவிடுவார்.

வேடசந்தூர் நூற்பாலையில் அவர் ஸ்டோர் குமாஸ்தா. நான் நூலின் பலத்தைச் சோதிக்கும் லேபில் புதிதாகச் சேர்ந்தவள். பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. முன்பக்க மெத்தை சீட்டுகள் ஆபீஸ்காரர்களுக்கும் என்னைப் போன்ற லேப்காரர்களுக்கும். பின்பக்கப் பலகைகள் தொழிலாளர்களுக்கு. பலகை நிரம்பி, மெத்தை காலியாகக் கிடந்தாலும் பலகைக்காரர்கள் நின்றுகொண்டுதான் வருவார்கள். ராக்கெட்டாரும் நூல் சுற்றும் வேலையில் தொடங்கி, பல வருஷம் நின்றே வந்து, குமாஸ்தாவான பிறகு மெத்தை கண்டவர். அந்த சீட்டைத் துண்டால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் உட்காருவார். உட்கார்ந்ததும் பின்பக்கம் திரும்பிக்கொண்டு, தானே கட்டிய கதையைத் தினம் ஒரு துண்டாகச் சொல்வார்.

கதைப்படி சந்திரனில் கண்ணாடி மாளிகைகளில் மேலாட்கள். பாதாளத்தில் கீழாட்கள்; துருத்தி மிதித்து மேலே காற்று அனுப்புவது அவர்கள் வேலை. அதை மேற்பார்க்கக் குடை பிடித்த அதிகாரி ஒருவர்.

"சந்திரனில் மழையே கிடையாதே, குடை எதுக்கு?" என்று கேட்டேன்.

"வேடசந்தூர்ல மட்டும் கொட்டுதாக்கும்?" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. எங்கள் லேபர் ஆபீசர் குடையில்லாமல் வெளியே வந்ததே இல்லை.

விஷயம் ஆபீசர் காதுக்குப் போயிற்று. ஜீப்பில் போகிறவர், மறுநாள் குடையும் கையுமாக பஸ்ஸில் ஏறினார்.

"யாருய்யா அந்தக் குடைக்காரன்?"

"சந்திரன்ல ஒருத்தரு சார்."

"எனக்குப் புரியாதுன்னு நினைச்சீரா? கதையை இன்னியோட நிறுத்தும். இல்லன்னா மெத்தையை விட்டுட்டுப் பலகைக்குப் போம். ஆபீஸ் சீட்ல உக்காந்துக்கிட்டு ஆபீசையே நக்கல் பண்றதாவது!"

ராக்கெட்டார் மெத்தையைத் தடவிப் பார்த்தார். பின்னாலிருந்து ராக்காயி கத்தினாள். நூல் சுற்றும் பகுதியில் அவள் குரல் மிஷினையும் மிஞ்சும்.

"அண்ணே, பாதியில விட்டுறாதீக! துருத்தி மிதிக்கிறவுக கதி என்னாகுறது?"

ராக்கெட்டார் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மன்னிக்கணும் சார், அங்க அம்புட்டுப் பேரு மூச்சு வாங்க நிக்கிறாக," என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார்.

"ஏலே, அண்ணனுக்கு இடம் விடுங்கடா!" என்று ராக்காயி அதட்டினாள்.

அன்றைய கதையில் கீழாட்கள் துருத்தியை நிறுத்தலாமா என்று கூட்டம் போட்டார்கள்.

"நிறுத்துனா நமக்குமில்ல மூச்சு முட்டும்?" என்றாள் ராக்காயி.

"அப்ப மெதுவா மிதிப்போம். மேல இருக்கவன் கொட்டாவி விட்டே சாகட்டும்!" என்றார் ஒருவர்.

இன்ஜின் சத்தத்தில் முன்பக்கம் கேட்டது சிரிப்பு மட்டும்தான். மெத்தையிலிருந்த கணக்கர், "செத்த நேரம் நின்னுட்டு வாரேன்," என்று எழுந்துபோனார், வரவில்லை. இன்னும் இருவர் போனார்கள். நானும் போனேன். மெத்தைகளுக்கு நடுவே ஆபீசர் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் பிரயாணம் செய்தார். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கி, கம்பியைப் பிடித்து ஆடி ஆடி வந்து சேர்ந்தார்.

"ஏன்யா, அந்தக் குடைக்காரன்கிட்ட நல்ல குணம் ஒண்ணுகூடவா கிடையாது?"

"இருக்கு சார். கதை இன்னும் அந்த இடத்துக்கு வரல."

"எப்ப வரும்?"

"நாளைக்கும் பஸ்ல வாங்க, பாப்போம்."

வந்தார். ஆனால் ஆபீசர் மெத்தையைத் திருப்பித் தரவில்லை. ராக்கெட்டாரும் கேட்கவில்லை. பலகையிலேயே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, எனக்கும் அரை இடம் தந்தார்.

சந்திரனில் காற்றே கிடையாது, அங்கே துருத்தி மிதித்துப் பயனில்லை என்று நான் படித்திருந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை மனம் வரவில்லை.