பதினொரு கொக்கி

மதிப்பும் அதைவிடப் பெரிய குரலும் கொண்ட என் மைத்துனிக்கு,

உன் அக்காவின் கணவன், தையற்காரன், எழுதிக்கொள்வது. உன் பஸ்ஸும், அதில் ஏறி இறங்குகிறவர்களும், வீட்டில் சகலையும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். "நான் சுகம்" என்பதுவரை எழுத முடிகிறது. உன் அக்காவைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. பதறாதே. முழுவதும் படி. பாதி வழியில் யாரையும் இறக்கிவிடாத கண்டக்டர் நீ. என் கடிதத்தையும் பாதியில் விட்டுவிடாதே.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கடைக்கு ஒரு பெண் வந்தாள். புற்றுநோயைப் பற்றி வீடு வீடாகப் போய்ச் சொல்கிற தொண்டு அமைப்பில் இருக்கிறாள். தோளில் ஒரு பை, பை நிறைய நோட்டீஸ். தெருவே அவளை நோட்டீஸ் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. என்னைவிட இருபது வயது சின்னவள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். "அண்ணே, ஸ்கூல் ஹால்ல சனி, ஞாயிறு ரெண்டு நாள் இலவசப் பரிசோதனை. பெண்களுக்கு மார்பு பாக்கணும், எல்லாருக்கும் வாய் பாக்கணும். பெண்கள் போட்டுக்க முன்பக்கம் திறக்கிற அங்கி நாப்பது வேணும். துணி நாங்க தர்றோம், தையல் உங்களோடது" என்றாள். நல்ல காரியம், சரி என்றேன். கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்தாள். மொத்தம் நாலு வரி. முதல் வரி, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் திட்டு என்று ஏதோ. அது நமக்கு வேண்டாம். இரண்டாவது வரி, மார்பிலோ அக்குளிலோ கட்டி, வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்.

முப்பத்தொரு வருஷமாகப் பெண்களுக்குத் தைக்கிறவன் நான். என் கடையில் அளவெடுப்பது உன் அக்கா, வெட்டுவது நான், தைப்பது நான், கொக்கி வைப்பதும், நான் தப்பாகத் தைத்ததைப் பிரிப்பதும் அவள். இந்தத் தெருவில் என் தையல் பிரிந்து ஒரு பெண் கூசி நின்றாள் என்ற பேச்சே கிடையாது. அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா? அறிமுகமில்லாத இடத்தில், திரைக்குப் பின்னால், உடுப்பை அவிழ்த்துவிட்டு நிற்கப் போகிறவர்கள். ஆகவே கழுத்துப்பட்டி வைத்தேன். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மடிப்பு வைத்தேன். மேலிருந்து கீழ்வரை பதினொரு கொக்கி வைக்கச் சொன்னேன். உன் அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "பதினொண்ணு எதுக்கு? டாக்டர் பாக்கத்தானே போடுறாங்க? ரெண்டு நாடா வெச்சு முடிச்சுப் போட்டா ஆச்சு" என்றாள். "தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், வை" என்றேன். "வாயில குண்டூசிய வெச்சுக்கிட்டுச் சொல்றது ஒண்ணும் புரியல" என்றாள். புரிந்துதான் இருந்தது. நானூற்று நாற்பது கொக்கியையும் அவளே வைத்து முடித்தாள், ஒவ்வொரு பத்துக்கும் ஒரு முறை என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு.

குண்டூசி என்றதும் ஞாபகம் வருகிறது. தைக்கும்போது நான் உதட்டில் குண்டூசி கவ்வுவது உனக்குத் தெரியும். அதில் ஒன்று இடது கன்னத்தின் உள்ளே குத்திவிட்டது போலிருக்கிறது. இரண்டு மூன்று மாதமாகக் கொஞ்சம் எரிச்சல். காரம் சேர்ப்பதில்லை. புகையிலை அடக்குவதைக்கூட அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். இது பெரிய விஷயமில்லை. பேச்சு வந்ததால் எழுதினேன். உன் அக்காவுக்கு வருகிறேன்.

அங்கிகளைப் புதன்கிழமை அமைப்பின் அலுவலகத்துக்கு அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் காலை, வெள்ளை நூல் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். நூல்கடை நம் தெரு முனையில். திரும்பி வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கையில் நூலும் இல்லை. "கடை சாத்தியிருந்தது" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். கடைக்காரன் வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையசைக்கிறான்.

வெள்ளிக்கிழமை கொடியில் அவளுடைய பச்சை ஜாக்கெட் காய்ந்துகொண்டிருந்தது. காற்றில் அது திரும்பியது. இடது கைக்குழியில், அக்குள் பக்கம், தையல் பிரித்து, ஒரு விரற்கடை தளர்த்தி, மறுபடி தைத்திருக்கிறது. வலது பக்கம் நான் தைத்தது தைத்தபடி. இன்னும் மூன்று ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் இடது மட்டும். உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அவளுக்கு நான் தைத்த முதல் ஜாக்கெட்டின் அளவுக் காகிதம் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உடம்பு வைத்தபோதும், பிள்ளை பெற்றபோதும், காய்ச்சலில் இளைத்தபோதும் அவள் கேட்காமலே மாற்றித் தைத்திருக்கிறேன். ஒரு நாளும் அவளாகப் பிரித்துத் தைத்துக்கொண்டதில்லை. "என்ன இது, கைக்குழியைத் தளத்தியிருக்கே?" என்று கேட்டேன். "நூல் இத்துப்போச்சு" என்றாள். என் நூல் இற்றுப்போகாது. ஒரு பக்கம் மட்டும் இற்றுப்போகவே போகாது. நோட்டீஸின் இரண்டாவது வரி எனக்கு முன்னால் வந்து நின்றது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தைக்கிறவன், கட்டிய மனைவியிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் நின்றேன்.

சரி, சனிக்கிழமை எப்படியும் ஹாலுக்குப் போகிறோம், மற்ற பெண்களோடு சேர்த்து அவளையும் உள்ளே அனுப்பிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அங்கே நடந்ததைக் கேள். ஒன்பது மணிக்கு முதல் பெண் திரைக்குப் பின்னால் போனாள். மாடிவீட்டு வாத்தியாரம்மா. ஒன்பதே காலுக்கும் வெளியே வரவில்லை. அடுத்தவள் போனாள், அவளும் வரவில்லை. வரிசை வாசலைத் தாண்டி, சைக்கிள் நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, கேட்டைத் தொட்டுவிட்டது. கடைசியில் டாக்டரம்மாவே திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "யாருங்க இந்த அங்கியைத் தைச்சது? உள்ள ஒரு அம்மா ஏழாவது கொக்கியில மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. பூட்டைப் போட்டீங்க, சாவிய எங்க வெச்சீங்க?" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. வாத்தியாரம்மா உள்ளேயிருந்து, "டாக்டர், அவரத் திட்டாதீங்க, தையல் ரொம்ப நேர்த்தி" என்று குரல் கொடுத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறாயா? சிரிப்பு இரண்டு மடங்கானது.

என்னை வாசலில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, கையில் கத்தரியைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு அங்கிக்கு மூன்று கொக்கியை விட்டு எட்டை எடுக்க வேண்டும். உன் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வைத்த கொக்கிகளை அவளே ஒவ்வொன்றாகப் பிரித்து டப்பாவில் போட்டாள். என்னை ஏச டங், டங் என்ற அந்தச் சத்தம் போதாதா? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பால் ஊற்றுகிற அம்மா காலையிலிருந்து மரத்தடியில் நின்றுகொண்டு, வரமாட்டேன், வரமாட்டேன் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கழுத்துப்பட்டியெல்லாம் வெச்சிருக்கே, யாரோ நம்மள ஒரு ஆளா நெனச்சுத் தைச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உன் அக்கா அப்போது என்னைப் பார்த்த பார்வை வேறு. அதைக் கொக்கிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஒன்பது அங்கி குறைகிறது. போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு நாளில் உன் அக்காவை நான் ஏழு முறை உள்ளே அனுப்பப் பார்த்தேன். "எல்லாரும் முடியட்டும்" என்றாள். "கை வேலையா இருக்கு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வரிசையே இல்லை, டாக்டரம்மா சும்மா உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார். "இப்பப் போயேன்" என்றேன். அவள் மறுபக்கத்து மேசையைக் காட்டினாள். அங்கே பல் டாக்டர் ஒருவர் விளக்கும் கண்ணாடியுமாக வாய் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க முதல்ல அங்க போங்க, அப்புறம் என்னைப் பேசலாம்" என்றாள். பேச்சை மாற்றுவதில் அவள் கெட்டிக்காரி. எனக்கு என்ன? குண்டூசி குத்தியதற்கெல்லாம் டாக்டர் நேரத்தை வீணாக்கலாமா? அவள் மனம் கோணக் கூடாதென்று வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பின்னால் நின்ற ஆட்டோக்காரர் அவசரம் என்று சொல்வது போல முகத்தை வைத்திருந்தார், இடத்தை விட்டுக்கொடுத்தேன். இரண்டாவது முறையும் அவருக்கே விட்டுக்கொடுத்தேன். "எனக்குப் பாத்தாச்சு சார்" என்றார். அதன்பிறகு நோட்டீஸ் அக்கா என் பக்கம் வரும்போதெல்லாம் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வேலையில் ஆழ்ந்துவிட்டேன். வாயில் பன்னிரண்டு குண்டூசி இருக்கிறவனை யாரும் வாயைத் திற என்று சொல்ல மாட்டார்கள்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. அவள் எப்போதும் போலப் பாடிக்கொண்டு கொக்கி வைக்கிறாள். எனக்குத்தான் வெட்டு பிசகுகிறது. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன். ஒரு மனிதர் தன் உடம்பைப் பற்றி இவ்வளவு அசட்டையாக இருக்கலாமா? காட்டினால் என்ன குறைந்துவிடும்? கண்டுபிடித்தால்தானே வைத்தியம்? நோட்டீஸ் அக்கா தொண்டை வற்றச் சொன்னது எல்லோர் காதிலும் ஏறியது, நம் வீட்டில் மட்டும் ஏறவில்லையே. பயமாக இருந்தால் பயம் என்று சொல்ல வேண்டியதுதானே. பக்கத்தில் நான் இல்லையா?

வருகிற வியாழக்கிழமை அமைப்பின் வண்டி மறுபடி நம் தெருவுக்கு வருகிறது, விட்டுப்போனவர்களுக்காக. உள்ளேயே டாக்டர், உள்ளேயே எல்லாக் கருவியும். நீ லீவு போட்டு வா. என் பேச்சு அவளிடம் எடுபடாது. உன் ஒரு விசிலுக்கு அறுபது பேர் உள்ளே நகர்கிறார்கள். அக்கா ஒருத்தி நகரமாட்டாளா? "அத்தான், நீங்க சும்மா இருங்க" என்று வழக்கமாக என்னை அதட்டுவாயே, அன்றைக்கு அதை அக்காவிடம் காட்டு. அவள் இல்லாத கடையில் எனக்கு அளவு நாடா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இதற்கு மேல் எழுதினால் மை கலைந்துவிடும்.

சகலைக்கு என் அன்பு. பிள்ளைகளின் பள்ளிச் சட்டை அளவை எழுதி அனுப்பு. உன் வழியெல்லாம் பச்சை விளக்காகவும், கடைசி டிரிப்பு நேரத்தோடும் அமைய வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையைப் பசையால் ஒட்டப்போவதில்லை. பசையை ஆவி காட்டிப் பிரித்துவிடலாம். மெஷினில் வைத்து நான்கு பக்கமும் சிவப்பு நூலால் தைத்து அனுப்புகிறேன். நூலின் நிறம் மாறியிருந்தால், கடிதம் அவள் கண்ணில் பட்டுவிட்டது என்று தெரிந்துகொள்.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: அடியே, இது அக்கா எழுதுறேன். முப்பத்தொரு வருஷமா இவர் தைச்சதைப் பிரிக்கிறவளுக்கு ஒரு உறையைப் பிரிக்கத் தெரியாதா? தச்சு, தபால்ல போடச் சொல்லி என் கையிலயே குடுத்தார்.

மேல எழுதின கூத்தெல்லாம் நிஜம். என்னைப் பத்தினது மட்டும் தப்பு. அங்கியைக் கொண்டுபோன புதன்கிழமையே, போட்டுப் பாத்த முதல் ஆள் நான்தான். பதினொரு கொக்கியையும் அவுத்து முடிக்கிறதுக்குள்ள அங்க ஆபீஸ்ல இருந்த இன்னொரு டாக்டரம்மாவுக்கு டீ ஆறிப்போச்சு. இடது அக்குள் பக்கம் கட்டி ஒண்ணு இருந்துச்சு. மறுநாள் நோட்டீஸ் அக்கா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா. சோதிச்சுப் பாக்க ஊசி போட்டுக் கட்டியில கொஞ்சம் சதை எடுத்தாங்க, கட்டுப் போட்டாங்க. துணி உரசுச்சு, அதான் தளத்தினேன். பத்து நாள்ல ரிப்போர்ட் வந்துடுச்சு: பயப்பட ஒண்ணுமில்ல, ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டணும், அவ்வளவுதான். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இவர்கிட்ட சொன்னா மெஷினையே மிதிக்க மாட்டார்னு சொல்லல. வந்தப்புறம் சொல்லாம விட்டதுக்குக் காரணம் வேற.

மத்தியானம் இவர் மேசைக்கு அடியில படுத்து வாயைத் திறந்துக்கிட்டுத்தான் தூங்குவார். டார்ச் அடிச்சுப் பாத்தேன். இடது கன்னத்துக்குள்ள, துணியில சாக்பீஸ்ல கோடு போட்ட மாதிரி வெள்ளையா. குண்டூசி குத்தினா அப்படி வராதுடி. போய்க் காட்டுங்கன்னு சொன்னா வாயில ஊசிய அள்ளிப் போட்டுக்கிறார். என் கவலையில என்னை இழுத்துக்கிட்டாவது அந்த வண்டி வரைக்கும் வருவார்னுதான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்.

அதனால லீவு போடு. வியாழக்கிழமை விசிலோட வா. என்னைத் தள்ளிக்கிட்டுப் போற மாதிரியே போ, இவர் பின்னாலயே வருவார். படி ஏறினதும் கதவைச் சாத்திடு. என் முதல் ஜாக்கெட்டோட அளவுக் காகிதத்தை இவர் இன்னும் வெச்சிருக்கிறது இதைப் படிச்சுத்தான் எனக்கே தெரியும். அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன்.

சிவப்பு நூல் தீந்துபோச்சு, நீலத்துல தைக்கிறேன். கேட்டா சிவப்புன்னு சொல்லிடு. என் விஷயத்தை நானே சொல்லிக்கிறேன், டாக்டர் விளக்கடிச்சு இவர் வாயைத் திறந்து வெச்சிருக்கிற நேரத்துல. அப்பத்தான் குறுக்கே பேச மாட்டார். கையை மட்டும் பிடிச்சுக்குவார்.